பூவின் பின்பக்கம் பாருங்கள்

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள வேலிகளின் நிறமே மாறிவிடும். புரட்டாசி வரை சீமைக்கருவேல முள்ளும் துருப்பிடித்த கம்பியும் மட்டும் தெரிந்த இடத்தில் பச்சைக் கொடிகள் ஏறுகின்றன. கார்த்திகை பிறப்பதற்குள் ஊதா, நீலம், வெள்ளை, இளஞ்சிவப்பு என்று புனல் வடிவப் பூக்கள் நிறைந்துவிடுகின்றன. நாகமலை அடிவாரம், கண்மாய்க் கரை, மேலூர் சாலையோரம், ரயில் பாதை வேலி, மாடி வீட்டு கிரில் கம்பி என எங்கு பார்த்தாலும் அதே வடிவம்தான். காலை எட்டு மணிக்குப் பளிச்சென்று நிற்கும் பூ, உச்சி வெயிலுக்குள் சுருண்டுவிடும்.

இது என்ன பூ என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ரேடியோப் பூ என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. நர்சரிக்காரர் மார்னிங் குளோரி என்பார். கைப்பேசிச் செயலியில் படம் எடுத்துப் போட்டால் ஒரு லத்தீன் பெயர் வரும். அதே கொடியின் அடுத்த படத்துக்கு இன்னொரு லத்தீன் பெயர் வரும். முதல் இரண்டும் ஒரு பெரிய கூட்டத்துக்கே பொதுவான பெயர்கள். மூன்றாவது தடுமாறுவதற்குக் காரணம், நாம் எல்லோரும் பூவை நேருக்கு நேர் நின்று படம் எடுக்கிறோம் என்பதுதான்.

இந்தக் கொடிகளில் நம்மை அதிகம் ஏமாற்றுவது பூவின் முகம். வண்டையும் அந்துப்பூச்சியையும் அழைப்பதற்காக உருவான முகம் அது. ஒரே விருந்தாளியை அழைக்கும் இரண்டு கொடிகள் ஒரே முகத்தைக் காட்டுவதில் வியப்பில்லை. கொடியின் உண்மையான அடையாளம் பூவின் பின்பக்கம் உள்ள புல்லி இதழ்களிலும், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்திலும், குழலின் ஆழத்தில் நிற்கும் சூல்முடியிலும், பூ விரியும் நேரத்திலும் இருக்கிறது.

முதலில் குடும்பத்தை உறுதி செய்துகொள்வோம். தாவரவியலில் இதற்குக் கான்வால்வுலேசி என்று பெயர். உலகம் முழுவதும் ஏறத்தாழ 60 பேரினங்களும் 1,900 சிற்றினங்களும் இதில் அடங்கும். இப்போமியா என்ற ஒரே பேரினத்தில் மட்டும் 800க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. நாம் அவித்துத் தின்னும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கண்மாயில் மிதக்கும் வள்ளைக்கீரை, மருந்துக்குப் பறிக்கும் விஷ்ணுகிரந்தி, கடற்கரை மணலைக் கட்டிப் பிடிக்கும் அடும்பு ஆகிய எல்லாம் இந்தக் குடும்பம்தான். இலையே இல்லாமல் மஞ்சள் நூலாகப் பிற செடிகளின் மேல் படர்ந்து உறிஞ்சி வாழும் அம்மையார்கூந்தலும் இதே குடும்பத்தில் வருவது பலருக்கு நம்ப முடியாத செய்தி. ஆனால் அதன் பூவை உருப்பெருக்கியில் பார்த்தால் உறவு புரிந்துவிடும்.

குடும்ப அடையாளத்தில் மிக அழகானது மொட்டு. விரிந்த பூவில் ஐந்து அல்லி இதழ்களும் ஒன்றாக இணைந்து ஒரே புனலாக இருக்கும். இதழுக்கும் இதழுக்கும் இடையில் வெட்டு இராது. ஆனால் நடுவிலிருந்து விளிம்பு வரை ஐந்து பட்டைகள் நட்சத்திரம் போல ஓடுவதைக் காணலாம். ஒவ்வொரு பட்டையும் ஓர் இதழின் நடுப்பகுதி, சற்றுத் தடிமனானது. பட்டைகளுக்கு இடைப்பட்ட பகுதி மிக மெல்லியது. மொட்டில் இந்த மெல்லிய பகுதிகள் உள்ளே மடிந்து, முறுக்கிய குடையைப் போல ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிக் கிடக்கும். வெளியே தெரிவது பட்டைகள் மட்டும். விடியற்காலையில் முறுக்கு அவிழ்ந்து பூ விரிகிறது. வாடும்போதும் இந்தப் பட்டைகளே உள்நோக்கிச் சுருண்டு பூவை மூடுகின்றன.

இதோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துப் பாருங்கள். இலைகள் தண்டில் மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக இருக்க வேண்டும். இலைக்காம்பின் அடியில் இலையடிச் செதில் இருக்கக் கூடாது. இளந்தண்டைக் கிள்ளினால் பெரும்பாலானவற்றில் பால் கசியும். பூவுக்குப் பின்னால் ஐந்து புல்லி இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தனித்தனியாக இருக்கும். இந்தச் சோதனையில் பல போலிகள் கழிந்துவிடும். தோட்டங்களில் நீலப் புனலாகப் பூக்கும் தன்பெர்ஜியாவுக்கு இலைகள் எதிரெதிராக இருக்கும். மஞ்சள் அலமண்டாவில் பால் உண்டு, ஆனால் ஒரு கணுவில் மூன்று நான்கு இலைகள் சூழ்ந்திருக்கும். ஊமத்தைப் பூவிலும் மொட்டு முறுக்கித்தான் இருக்கும். ஆனால் அதன் புல்லி இதழ்கள் ஐந்தும் இணைந்து நீண்ட குழாயாகிவிட்டன. பின்பக்கத்தைப் பார்த்த உடனே அது வேறு குடும்பம் என்று தெரிந்துவிடும்.

இப்போது மதுரை வேலியில் அதிகம் கேள்விக்குள்ளாகும் கொடிக்கு வருவோம். வெளிர் ஊதாப் பூ, தொண்டையில் அடர்ந்த ஊதா, ஐந்தாறு சென்டிமீட்டர் அகலம். இலை, விரித்த கையைப் போல ஐந்து விரல்களாக அடிவரை பிளந்திருக்கும். ஓரத்து விரல்கள் இரண்டும் பல சமயம் மறுபடி பிளந்து, ஏழு விரல் என்று எண்ண வைக்கும். தண்டிலும் இலையிலும் மயிர் கிடையாது. இது இப்போமியா கைரிக்கா. கெய்ரோ நகரத்தின் பெயரைத் தாங்கியது. ரயில் பாதையோரங்களில் படர்வதால் ரயில்வே கிரீப்பர் என்று ஆங்கிலத்தில் பெயர் வாங்கி, அந்தப் பெயரிலேயே நம் நர்சரிகளிலும் வழங்குகிறது.

இந்தக் கொடியில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு குட்டி இலைகள் நிற்கும், பெரிய இலையின் சிறு நகல்களாக. இந்தக் குடும்பத்துக்கு இலையடிச் செதில் கிடையாது என்று சற்றுமுன் சொன்னேன். இதைப் பார்ப்பவர், விதி உடைந்துவிட்டதே என்று நினைப்பார். விதி உடையவில்லை. அவை செதில்களல்ல, இலைக்கோணத்தில் உள்ள அரும்பிலிருந்து எழுந்து வளராமல் நின்றுபோன சிறு கிளையின் இலைகள். பொய்ச் செதில்கள் என்று இவற்றைத் தாவரவியலர் குறிப்பார்கள். பூவே இல்லாத சித்திரை மாதத்திலும் இந்தக் குட்டி இலைகளையும் ஐந்து விரல்களையும் வைத்து இந்தக் கொடியை உறுதியாகப் பெயர் சொல்லிவிடலாம். காய் முற்றி வெடித்தால் விதையின் விளிம்புகளில் பட்டு போன்ற நீண்ட மயிர்கள் இருக்கும். அதுவும் ஒரு சாட்சி.

விரல் பிளவு இல்லாமல், மூன்று மடல் கொண்ட இலையும் நீலப் பூவும் இருந்தால்? அப்போதுதான் பூவைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் கைகொடுக்கிறது. புல்லி இதழ்கள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு, நுனி நூலாகக் கூர்ந்து, அடிப்பகுதியில் நிமிர்ந்த மயிர்கள் அடர்ந்திருந்தால் அது இப்போமியா நில். தண்டைக் கீழிருந்து மேலாக வருடினால் சொரசொரக்கும். அதன் மயிர்கள் கீழ்நோக்கிச் சாய்ந்தவை. மலையூர் வேலிகளில் படர்ந்து பூக்கும் இப்போமியா இண்டிகாவும் நீலம்தான், புல்லி இதழும் நீண்டதுதான். ஆனால் அந்த முரட்டு மயிர் அதில் இராது. ஒரே காம்பில் பல பூக்கள் கொத்தாக வரும். விதை கட்டுவதும் அரிது. நில்லின் காயைப் பிளந்தால் உள்ளே மூன்று அறைகள், அறைக்கு இரண்டாக ஆறு கருவிதைகள். கைரிக்காவில் இரண்டு அறைகள், நான்கு விதைகளுக்கு மேல் இல்லை.

நில்லின் விதை நாட்டு மருந்துக் கடைகளில் காக்கட்டான் விதை என்று விற்கப்படுகிறது. கடுமையான பேதி மருந்து அது. நீலச் சங்குப்பூவையும் சில ஊர்களில் காக்கட்டான் என்றே அழைக்கிறார்கள். சங்குப்பூ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. முற்றிலும் வேறு செடி. வாயில் போடும் எதையும் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

நில் என்ற இந்த ஒரு கொடியைப் பற்றி உலகம் அறிந்திருப்பது ஏராளம். பெருமளவுக்கு அது ஜப்பானியரின் உழைப்பு. நாரா காலத்தில், எட்டாம் நூற்றாண்டையொட்டி, சீனத்திலிருந்து மருந்து விதையாக ஜப்பானுக்குப் போனது; எடோ காலத்தில் அதைப் பூவுக்காக வளர்த்து, விதவிதமான நிறமும் வடிவமும் கொண்ட நூற்றுக்கணக்கான வகைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இதில் ஒரு புதிர் இருக்கிறது. நில்லின் நெருங்கிய உறவினர்கள் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவர்கள். அப்படியானால் கொலம்பஸ் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இது ஆசியாவுக்கு எப்படி வந்தது? 2001-ல் டேனியல் ஆஸ்டினும் அவருடைய கூட்டாளிகளும் பழைய ஜப்பானிய ஓவியங்களில் இந்தப் பூ இருப்பதை ஆராய்ந்து ஒரு கட்டுரையே எழுதினார்கள். மனிதன் கொண்டுவந்தானா, கடல் கொண்டுவந்ததா என்ற கேள்வி மதுரை வேலியில் பூத்திருக்கும் நீலப் பூவுக்கும் பொருந்தும். நீலம் என்ற நம் பக்கத்துச் சொல்லையே லின்னேயஸ் இதற்குப் பெயராக எடுத்துக்கொண்டார்.

நில்லின் ஒரு ஜப்பானிய வகைக்கு ஒரே ஒரு 16 மணி நேர இருட்டு கிடைத்தால் போதும், அரும்பு கட்டத் தொடங்கிவிடும். அதனால் இருள்நீளம் பூத்தலை எப்படித் தூண்டுகிறது என்பதை ஆராய்ந்தவர்களுக்கு இது மிகப் பிடித்த செடியானது. ஜப்பானின் நீண்ட கோடைப் பகலுக்குப் பிறகு இரவு நீளும்போது அது பூக்கிறது. மதுரை நிலநடுக்கோட்டுக்குப் பத்து பாகை வடக்கில் இருக்கிறது. ஆண்டின் மிகக் குறுகிய இரவே இங்கு பதினொரு மணி நேரத்துக்கு மேல். இரவின் நீளம் இங்கே கொடியைத் தடுப்பதில்லை. நம் ஊரில் இவை ஐப்பசி, கார்த்திகையில் பூத்துக் குலுங்குவதை மழையின் கணக்கில் எழுதுவதே பொருத்தம். ஊரின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அந்த மாதங்களில்தான் கொட்டுகிறது.

நிறத்தை நம்பிப் பெயர் சொல்லக் கூடாது என்பதற்கும் இந்தப் பேரினத்திலேயே விளக்கம் இருக்கிறது. நர்சரிகளில் வான்நீலப் பூவாக விற்கும் இப்போமியா டிரைகலரின் மொட்டு செவ்வூதாவாக இருக்கும், விரியும்போது நீலமாகும். நிறமி ஒன்றேதான், மாறவில்லை. 1995-ல் குமி யோஷிதாவும் உடனாய்வாளர்களும் இதழ்ச் செல்லின் உள்ளே நுண்மின்முனையைச் செருகி அளந்தார்கள். நிறமி தேங்கியிருக்கும் நுண்குமிழியின் பி.எச். மதிப்பு மொட்டில் 6.6, விரிந்த பூவில் 7.7. அமிலத்தன்மை குறைந்ததும் அதே நிறமி நீலமாகத் தெரிகிறது. வாடும் பூ மறுபடி செவ்வூதாவுக்குத் திரும்புவதை யாரும் வீட்டிலேயே பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு எடுத்த படத்தையும் பதினொன்றுக்கு எடுத்த படத்தையும் அருகருகே வைத்தால் இரண்டு செடிகள் என்று தோன்றும்.

பூ ஏன் ஒரே நாளில் வாடுகிறது என்ற கேள்விக்கும் ஒரு பதில் உண்டு. வெயில் தாங்காமல் பொசுங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். வெயில் அவசரப்படுத்துகிறது, அவ்வளவுதான். வாடுவது செடி தானே நடத்தும் காரியம். 2014-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நில்லில் இதை முடுக்கிவிடும் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்து, அதற்கு எபிமெரல்1 என்று பெயரிட்டார்கள். அதை அடக்கிவைத்தபோது பூவின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. நேற்றைய பூவும் இன்றைய பூவும் ஒரே காலையில் சேர்ந்து நின்றன.

இனி வேலியை விட்டுத் தரையைப் பார்ப்போம். மழைக்குப் பின் புல்வெளியிலும் தரிசிலும் ஊர்ந்து செல்லும் சிறிய கொடிகளை யாரும் கேட்பதே இல்லை. கேட்டால் எளிதில் சொல்லிவிடலாம். இதய வடிவ இலை, இரண்டு சென்டிமீட்டர் அளவில் வெளிர் மஞ்சள் பூ, நடுவில் ஊதாக் கண் என்றால் சிறுதாளி, அதாவது இப்போமியா அப்ஸ்கூரா. தூரத்தில் அதே போலத் தெரியும் இன்னொன்று முதியார்கூந்தல்; அதன் இலை ஒடுங்கி நீண்டு, அடியில் பல் பல்லாக இருக்கும். இலை புலியின் கால்தடம் போல ஐந்து முதல் ஒன்பது மடல்களாகப் பிரிந்து, கொடி முழுவதும் மயிர் அடர்ந்து, பூக்கள் பச்சை மடல்களுக்கு நடுவே தலைக்கட்டாக உட்கார்ந்திருந்தால் புலிச்சுவடி. தரையோடு தரையாக, விரல் நகத்தைவிடச் சிறிய நீலப் பூவோடு இருப்பது விஷ்ணுகிரந்தி. அது எதையும் சுற்றிக்கொள்வதில்லை. வீட்டு முன்வாசலில் சிவப்புப் பூவும் இறகு போன்ற இலையுமாக ஏறும் மயில்மாணிக்கத்தில் மகரந்தத்தாள்கள் குழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தன் தாய்நாடான அமெரிக்காவில் ஓசனிச்சிட்டுக்காக அமைந்த பூ அது, இங்கே தேன்சிட்டுகள் வருகின்றன.

கண்மாய்க்குள் இறங்கினால் கவனம் தேவை. நீர் வற்றத் தொடங்கிய கண்மாய்களிலும் வைகைப் படுகையிலும் ஆளுயரத்துக்கு மேல் புதராக நின்று, ஆண்டு முழுவதும் இளஞ்சிவப்புப் புனல்களைக் காட்டுவது நெய்வேலிக் காட்டாமணக்கு. ஆமணக்கோடு அதற்கு எந்த உறவும் இல்லை. அதுவும் ஒரு இப்போமியாதான், இப்போமியா கார்னியா. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. கொடியாக இல்லாமல் உள்ளே பொந்தான தண்டோடு நிமிர்ந்து நிற்கும் உள்ளினம் நம் ஊரில் இருப்பது. ஒடிந்த தண்டு சேற்றில் விழுந்தாலே வேர் விடும். அதனால்தான் வெட்டி எறிந்த இடத்திலெல்லாம் மறுபடி முளைத்து நிற்கிறது.

ஆடு வளர்ப்போர் இதை அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. இதன் இலையில் ஸ்வைன்சோனைன் என்ற நச்சு உள்ளது. செல்லுக்குள் சர்க்கரைச் சங்கிலிகளை உடைக்கும் ஒரு நொதியை அது முடக்குகிறது. உடையாத சர்க்கரைகள் செல்லில் தேங்கி, நரம்பு பாதிக்கப்பட்டு, ஆடு மெலிந்து, தலை நடுங்கி, தள்ளாடும். கோடையில் வேறு பச்சை இல்லாதபோது கடித்துப் பழகிய ஆடு, பிறகு அதையே தேடிப் போகும். 2013-ல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: இந்த நச்சைத் தயாரிப்பது செடியல்ல, அதற்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சை.

அதே நீரில் வள்ளைக்கீரையும் மிதக்கிறது, அதே இளஞ்சிவப்புப் புனலோடு, அதே பொந்துத் தண்டோடு. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்குக் காங்கோங் என்ற பெயரில் பழகிய கீரை. கீரை பறிப்பவர் பூவைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வள்ளை நீர்மட்டத்தோடு படர்ந்து கிடக்கும். கணுவுக்குக் கணு வெள்ளை வேர் தொங்கும். இலை அம்பு முனை போல அடியில் இரண்டு காதுகளோடு இருக்கும். காட்டாமணக்கு விறகுத் தண்டாக நிமிரும். இலை அகன்ற இதய வடிவில் தொடங்கி நீண்ட நுனியாக முடியும். ஒடித்தால் பால் வடியும். விதையைத் தொட்டுப் பார்த்தால் பழுப்பு மயிர் போர்த்திருக்கும்.

ஆனாலும் காட்டாமணக்கை ஒரேயடியாகப் பழிக்க எனக்கு மனம் வருவதில்லை. காட்டாமணக்குப் பூவுக்குள் தலையை நுழைக்கும் பெரிய கருவண்டு ஒரு தச்சுத் தேனீ. இந்தப் பூக்களில் மகரந்தச் சேர்க்கை நடப்பது பெரும்பாலும் அதனால்தான். இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தில் சிறு தேன் சுரப்பிகள் உண்டு. அவை பூவுக்காக அல்ல, எறும்புக்காக. எறும்புகள் தேனுக்காகக் காவல் சுற்ற, இலை தின்னிகள் விலகும். பூவுக்கு வெளியே இருக்கும் இந்தத் தேனும் பல இப்போமியாக்களில் காணத்தக்க அடையாளம். காம்பின் மேல் எறும்பு நிலையாக நின்றால் அங்கே உருப்பெருக்கியை வையுங்கள்.

பத்து மடங்கு பெருக்கும் சிறு லென்ஸ் ஒன்று போதும், பேரினத்தையே பிரித்துவிடலாம். பூவை நீளவாக்கில் கிழித்து, நடுவில் நிற்கும் சூல்தண்டின் நுனியைப் பாருங்கள். ஒரே தண்டு, நுனியில் ஒட்டிய இரண்டு சிறு உருண்டைகள் என்றால் இப்போமியா பக்கம் போகலாம். தண்டு அடியிலேயே இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகி, நான்கு மெல்லிய இழைகளாக முடிந்தால் விஷ்ணுகிரந்தியின் பேரினமான எவால்வுலஸ். பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கி கிடைத்தால் இன்னும் நல்லது. இப்போமியாவின் மகரந்தத் துகள் பெரியது, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும்; உருண்டையாக, மேலெல்லாம் முள் முள்ளாகத் தெரியும். முதியார்கூந்தலின் மகரந்தத்தில் முள் கிடையாது. ஜெர்மானியத் தாவரவியலர் ஹான்ஸ் ஹாலியர் 1893-ல் இந்த முள்ளை வைத்தே குடும்பத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். தரையில் ஊரும் இரண்டு மஞ்சள் பூக்களை முகத்தை வைத்துப் பிரிக்கத் திணறும் நாம், அவற்றின் தூளை வைத்து நொடியில் பிரித்துவிடுகிறோம்.

இந்தக் குடும்பத்தின் எல்லாப் பூக்களும் காலைக்குரியவை அல்ல. முசுட்டை பொழுது சாய்ந்தபின் விரிகிறது. கிராமங்களில் இதன் இலையைக் கீரையாகச் சமைக்கிறார்கள். ரிவியா ஹைப்போகிரேட்டரிபார்மிஸ் என்பது அறிவியல் பெயர். வட்டத்துக்கு நெருங்கிய இதய வடிவ இலை, விறகாக முற்றும் கொடி, நீண்ட குழலின் மேல் தட்டையாக விரியும் தூய வெள்ளைப் பூ, நல்ல மணம். இருட்டில் நிறத்துக்கு வேலையில்லை. வெள்ளையும் மணமும்தான் அழைப்பு. நீண்ட குழலின் அடியில் உள்ள தேனை எட்டுவதற்கு நீண்ட நாக்கு வேண்டும். அது பருந்து அந்துப்பூச்சிகளிடம் இருக்கிறது. அவற்றில் ஒன்றான அக்ரியஸ் கான்வால்வுலிக்கு உடலைவிட நாக்கு நீளம். அதன் புழுக்கள் தின்பதும் சர்க்கரைவள்ளி உள்ளிட்ட இதே குடும்பத்தின் இலைகளைத்தான்.

சங்க இலக்கியத்தில் முசுண்டை என்று வருவது இந்தக் கொடியே என்பர். மதுரையை ஆண்ட தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனோடு தொடர்புபடுத்தப்படும் நெடுநல்வாடையில், மழையும் வாடையும் சேர்ந்த பருவத்தில், பீர்க்கின் பொன்னிறப் பூவோடு முசுண்டையின் வெள்ளைப் பூவும் புதர்தோறும் மலர்வதை நக்கீரர் சொல்கிறார். பருவம் சரி, நிறம் சரி, கொடி புதரின் மேல் ஏறுவதும் சரி. அதோடு நிற்காமல், பூவின் புறத்துக்கும் ஓர் அடைமொழி தருகிறார். இதை முதன்முதலாகக் கவனித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு வெள்ளைப் பூவை அவர் முன்னிருந்து மட்டும் பார்க்கவில்லை. குறுந்தொகைப் புலவர் ஒருவரும் அடும்பின் பிளவுபட்ட இலையை மானின் காலடியோடு ஒப்பிட்டார். இப்போமியா பெஸ்-காப்ரே என்ற லத்தீன் பெயர் அதே இலையை ஆட்டின் காலடியாகக் காண்கிறது. இலையிலிருந்து தொடங்குவது என்ற முறையில் இரண்டும் ஒன்றே.

கொடி சுற்றும் திசையையும் பார்த்துவிடுங்கள். இப்போமியாக் கொடி ஏறும் கம்பிக்கு நேராக நின்றால், தண்டு இடக்கீழிலிருந்து வலமேலாகச் செல்லும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். வேலி எந்தத் திசையில் இருந்தாலும், சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் இது மாறாது. சுற்றுக்கொடிகள் பலவற்றை உலகின் பல பகுதிகளில் எண்ணிப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வொன்றில் 92 விழுக்காடு இந்தத் திசையில்தான் சுற்றின. ஆகவே இதை வைத்து இப்போமியாவைத் தனியாகப் பிரிக்க முடியாது. ஆனால் எதிர்த் திசையில் சுற்றும் கொடியைக் கண்டால், அது இப்போமியா அல்ல என்று அப்போதே ஒதுக்கிவிடலாம்.

பற்றுக்கம்பியோ கொக்கியோ இல்லாமல் கொடி எப்படிக் கம்பியைக் கண்டுபிடிக்கிறது என்பதை டார்வின் பொறுமையாக உட்கார்ந்து பார்த்து, 1865-ல் ஏறுகொடிகளைப் பற்றி எழுதினார். நுனி காற்றில் வட்டமிட்டுக்கொண்டே இருக்கிறது. ஏதேனும் தட்டுப்பட்டால் அதைச் சுற்றிக்கொள்கிறது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது, அதுவும் ஜப்பானிய நில்லிலிருந்தே. அங்கே கொடி ஏறாமல் தொங்கியே வளரும் ஒரு வகையைத் தோட்டக்காரர்கள் நெடுங்காலமாக வளர்த்து வந்தார்கள். 2005-ல் அதை ஆராய்ந்தவர்கள், ஸ்கேர்குரோ என்ற மரபணு அதில் பழுதாகி இருப்பதையும், அதனால் தண்டில் புவியீர்ப்பை உணரும் செல் அடுக்கு சரியாக உருவாகாததையும் கண்டார்கள். கீழ் எது மேல் எது என்று தெரியாத கொடியால் வட்டமிடவும் முடியவில்லை, சுற்றவும் முடியவில்லை. சுற்றுவதற்கு முதலில் புவியின் ஈர்ப்பை உணர வேண்டியிருக்கிறது.

அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர் பரப்பு 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு மதுரையில் செடி பார்க்கக் கிளம்பும் இளைஞர் கூட்டம் கூடியிருப்பது நல்ல செய்தி. அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: படம் எடுக்கும்போது பூவின் முகம் ஒன்று, பக்கவாட்டில் புல்லி இதழ் தெரிய ஒன்று, இலையின் இரு பக்கமும், காம்பின் அடியும், மொட்டும், காய் இருந்தால் காயும் எடுங்கள். நேரத்தைக் குறியுங்கள். பிறகு அந்தப் படங்களோடு கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலையோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரேப்பினட் உலர்தாவரகத்திலிருந்து கே. எம். மேத்யூ 1981 முதல் 1988 வரை வெளியிட்ட தமிழ்நாடு கர்நாடிக் தாவர நூலையோ திறந்தால், அவை கேட்கும் முதல் கேள்விகளுக்கே உங்களிடம் பதில் இருக்கும். அந்த நூல்களின் திறவுகோல்கள் பூவின் நிறத்தைக் கடைசியில்தான் கேட்கின்றன.

செடியை உலர்த்திப் பாதுகாக்க நினைப்பவர்களுக்கு இந்தக் குடும்பம் சற்றுக் கடினம். பறித்த கால் மணி நேரத்தில் பூ துவண்டு ஒட்டிக்கொள்ளும். அதனால் தாள்களைக் கையோடு எடுத்துப் போய், கொடியருகிலேயே ஒரு பூவை நீளவாக்கில் பிளந்து, உட்புறம் மேலாக விரித்து அழுத்த வேண்டும். இன்னொரு பூவைப் புல்லி இதழ் தெரியப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். உலர்ந்த பின் நீலமும் ஊதாவும் ஒரே பழுப்பாகிவிடும். ஆகவே நிறம், தொண்டையின் நிறம், மணம், பால் உண்டா இல்லையா, விரிந்த நேரம் ஆகியவற்றை அங்கேயே சீட்டில் எழுதிவிடுங்கள். பூ தப்பிவிட்டால் காய்ந்த காயிலிருந்து நான்கு விதைகளை எடுத்து, தோலைச் சற்றே தேய்த்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துத் தொட்டியில் ஊன்றலாம். முளைத்து வரும் இரண்டு வித்திலைகளும் நுனியில் பிளந்து இரட்டை மடலாக இருந்தால் இப்போமியாவாக இருக்க வாய்ப்பு மிகுதி. மூன்றாம் வாரம் வரும் இலை மற்றதைச் சொல்லத் தொடங்கும்.